ஹெபடைடிஸ் சி சிகிச்சையும் குடிப்பழக்கமும்: குடிக்கிறவர் மருந்து சாப்பிடலாமா?

அவனியாபுரத்தில் ஒரு கட்டடத் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். ரத்த தானம் கொடுத்த இடத்தில் அவருக்கு ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிய வருகிறது. வேலை முடிந்தால் ஒரு கட்டிங் போடாமல் தூக்கம் வராது அவருக்கு. வீட்டில் என்ன பேச்சு நடக்கும்?

"ஏங்க, மொதல்ல குடிய நிறுத்துங்க. அப்புறமா ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்பார் மனைவி. "பொங்கல் முடியட்டும், ஜல்லிக்கட்டு முடியட்டும், பாத்துக்கலாம்" என்பார் இவர். தை போகும், சித்திரை போகும். வைரஸ் மட்டும் போகாது.

மனைவி சொல்வதில் அக்கறை இருக்கிறது. ஆனால் இரண்டு பேச்சும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன: சிகிச்சை தள்ளிப்போகிறது. அது தேவையில்லை.

இது எந்தக் காமாலை?

நம்ம ஊரில் கண் மஞ்சளானால் கீழாநெல்லி கொடுப்பது வழக்கம். அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே குணமாகிவிடும். அதனால் கீழாநெல்லிக்கு நல்ல பெயர். ஹெபடைடிஸ் சி அப்படி இல்லை. இது ரத்தத்தின் மூலம் பரவுவது. சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, பச்சை குத்தும் ஊசி, ஒருவர் பயன்படுத்திய சவர பிளேடு ஆகியவை வழியாக வரலாம். பலருக்குக் கண்ணும் மஞ்சளாகாது, வலியும் இருக்காது. 15, 20 வருடம் சத்தமில்லாமல் கல்லீரலை அரித்து, சுருங்கவைத்து (சிரோசிஸ்), சிலருக்குப் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் குணமாக்கும் மாத்திரை இருக்கிறது.

"குடிச்சா மருந்து வேலை செய்யாது" என்பது உண்மையா?

இந்தப் பேச்சு பழைய காலத்து ஊசியிலிருந்து வந்தது. அப்போது இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் 24 அல்லது 48 வாரம் எடுக்க வேண்டும். காய்ச்சல், மனச்சோர்வு என்று பக்கவிளைவுகள் அதிகம். குடிப்பவர்களுக்குப் பலன் குறைவாக இருந்ததால், ஆறு மாதம் குடியை விட்டுவிட்டு வரச் சொல்வார்கள்.

இன்றைய மருந்துகள் வைரஸை நேரடியாகத் தாக்குபவை. பெரும்பாலானோருக்கு சோஃபோஸ்புவிர், டக்லட்டாஸ்விர் மாத்திரைகள் தினமும் ஒரு வேளை, 12 வாரம். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு சோஃபோஸ்புவிருடன் வெல்பட்டாஸ்விர் தருவார்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளில் இவ்வகை மருந்து எடுத்த 69,229 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். 94.4 சதவீதம் பேருக்கு வைரஸ் ஒழிந்திருந்தது. குடிப்பவர், குடிக்காதவர் என்று பார்த்தபோது குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே குடிக்கிறார் என்பதற்காக ஒருவருக்கு மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இன்றே தொடங்கலாம்.

அப்போ குடிக்கலாமா?

கூடாது. மாத்திரை வைரஸைத்தான் கொல்லும்; மதுவால் எரியும் கல்லீரலை அது காப்பாற்றாது. வைரஸும் மதுவும் சேர்ந்தால் தனித்தனியாகச் செய்வதைவிட வேகமாகக் கல்லீரல் சுருங்கும்.

"பீர்தானே, சரக்கா குடிக்கிறேன்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 42.8 சதவீதச் சரக்கு 180 மில்லி, அதாவது ஒரு குவார்ட்டரில், ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். கட்டிங் என்றால் 30 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 41 கிராம். கல்லீரலுக்கு லேபிள் தெரியாது, கிராம்தான் தெரியும்.

84 நாளில் கவனிக்க வேண்டியவை

* 12 வாரம் என்றால் 84 நாள். கார்த்திகை முதல் தேதி தொடங்கினால் தை மாதக் கடைசியில் முடிந்துவிடும். நடுவில் பொங்கலும் ஜல்லிக்கட்டும் வரும். அன்றைக்கும் மாத்திரை உண்டு. குடியால் வரும் முக்கிய ஆபத்து, போதையில் மாத்திரையை மறப்பதுதான். குடிக்கும் நேரத்துக்கு முன்பே, காலைச் சாப்பாட்டோடு போடும் பழக்கம் நல்லது.
* மறந்தது அன்றைக்கே நினைவுக்கு வந்தால் உடனே போடுங்கள். மறுநாளாகிவிட்டால் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. போட்டவுடன் வாந்தி எடுத்தால் மருத்துவமனையில் கேளுங்கள்.
* குடிப்பவர்கள் நெஞ்செரிச்சலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் வெல்பட்டாஸ்விர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். காசநோய் மாத்திரை, வலிப்பு மாத்திரை, இதயத் துடிப்புக்கான மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.
* தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். வீட்டில் பூட்டிவைத்துச் சமாளிக்காதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு.

எங்கே போவது?

தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்டது. இத்திட்டத்தில் ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் மருந்தும் இலவசம். அவனியாபுரம்வாசிகள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விவரம் கேட்கலாம். அல்லது கோரிப்பாளையம் அருகே உள்ள அரசு இராசாசி மருத்துவமனைக்கு நேரே போகலாம். அடையாள அட்டை, பழைய பரிசோதனைச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

முதல் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வந்தவுடன் பயப்பட வேண்டாம். வைரஸ் இப்போதும் ரத்தத்தில் இருக்கிறதா என்று அடுத்த பரிசோதனை சொல்லும். சிலருக்கு அது தானாகவே போயிருக்கும். மருந்துக்கு முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

மருத்துவர் "குடிப்பீங்களா?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். திட்டுவதற்காகக் கேட்பதில்லை. எந்த மருந்து, எத்தனை வாரம், கல்லீரல் எந்த நிலை என்று முடிவு செய்யத்தான் கேட்கிறார்கள். குடியை விட உதவி வேண்டுமென்றால் மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு. உடல்நல ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம்.

முடிந்த பிறகு

கடைசி மாத்திரை போட்டு 12 வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதில் வைரஸ் இல்லையென்றால்தான் குணமானதாக அர்த்தம். பலர் இதற்குப் போவதில்லை, தயவுசெய்து போங்கள். ஏற்கெனவே கல்லீரல் சுருங்கியிருந்தால் வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் அவசியம். ஒருமுறை குணமானவருக்கு மறுபடியும் தொற்று வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த அவனியாபுரம் வீட்டுக்கு வருவோம். மனைவி சொல்ல வேண்டியது இதுதான்: "மாத்திரைய நாளைக்கே ஆரம்பிங்க. குடிய விடுறதுக்கும் நாளைக்கே டாக்டர்கிட்ட கேப்போம்." ஒன்று முடியட்டும் என்று இன்னொன்று காத்திருக்க வேண்டாம்.