திறவுகோல் ஆளுக்கா, பதவிக்கா?

கோயிற் பரிபாலன சபையிற் பொருளாளர் மாறுவாராயின், இரும்புப் பெட்டியின் திறவுகோலும் கைமாறும். திறவுகோல் அம்மனிதருக்கு உரியதன்று. அவர் வகித்த பதவிக்கே உரியது. இணுவிலில் மட்டுமன்றி, எவ்வூரிலும் பெரியோர் அறிந்த நியாயம் இது. இந்நியாயத்தைக் கணினி உலகில் நிலைநாட்டிய அறிஞருள் ஒருவர், ரவி சந்து என்னும் பேராசிரியர்.

பம்பாயிலும் தில்லியிலும் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் முறையே இளநிலைப் பட்டமும் முதுநிலைப் பட்டமும் பெற்ற அவர், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திற் கலாநிதியானார். ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றியபின், 2007 இல் சான் அன்டோனியோவிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, அங்கே கணினிப் பாதுகாப்புக்கென அமைந்த நிறுவகத்தின் முதற் பணிப்பாளரானார்.

அவர் ஆராய்ந்த வினா யாது? கணினியிலுள்ள ஓர் ஏட்டை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதே. முன்னர் இரு வழிகள் இருந்தன. ஒன்று, ஏட்டுக்கு உரியவர் தாம் விரும்பியவருக்கு அனுமதி அளிப்பது. மற்றது, இராணுவத்திற்போல் இரகசியங்களைத் தரம்பிரித்து, அவ்வத் தரத்தினருக்கே காட்டுவது. வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் இவை பொருந்தவில்லை. ஆயிரம் ஊழியர் உள்ள இடத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுமதி எழுதினால், ஒருவர் விலகிய பின்னும் அவருடைய அனுமதி எங்கேனும் ஒரு மூலையில் எஞ்சியிருக்கும்.

1992 இல் பெராயோலோ, கூன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், அனுமதியைப் பதவியுடன் பிணைக்கும் முறையை எடுத்துரைத்தனர். 1996 இல் சந்துவும் தோழர் மூவரும் அதனைச் செவ்வனே வகுத்தனர். அனுமதி பதவிக்கு, பதவி ஆளுக்கு. தாதி மருந்துச் சீட்டைப் பார்க்கலாம், மாற்றலாகாது, வைத்தியர் மாற்றலாம். தாதி இடமாற்றம் பெற்றால், பதவியை நீக்கினாற் போதும். அனுமதிகள் அனைத்தும் உடன் நீங்கும். பணங்கொடுக்க எழுதியவரே அதனை அங்கீகரிக்கவும் இயலாதவாறு பதவிகளைப் பிரிக்கலாம். 2004 இல் இம்முறை அமெரிக்க நாட்டின் நியமமாயிற்று.

ஆயினும் நம்மவர் வழக்கமோ வேறு. விடுமுறையிற் செல்லும் முகாமையாளர், தம் கடவுச்சொல்லை இலிகிதரிடம் கூறிச் செல்வதுண்டு. நம்பிக்கையே அதற்குக் காரணம். ஆனால், மறுநாட் பணங் குறைந்தால், கணினி காட்டுவது முகாமையாளரின் பெயரையே. குற்றமற்றவர் தலைகுனிவார், குற்றவாளி மறைந்து நிற்பார். அறிஞர் பல்லாண்டு முயன்று கட்டிய வேலி, ஒரு சொல்லாற் சரிந்துவிடும்.

கடவுச்சொல்லைத் தர மறுப்பது அவநம்பிக்கையன்று. இருவர் மானத்தையும் காப்பதாகும். இதனைப் பெற்றோர் வீட்டிலே பழக்குதல் நன்று. இத்துறையை நாடும் மாணவரும் ஒன்றை உணர்தல் வேண்டும்: கணிதம் இன்றி இங்கு வழியில்லை, ஆனால், மனிதர் எவ்வாறு கூடித் தொழில் செய்கின்றனர் என்பதைக் கண்டறியாதவருக்கு அக்கணிதமும் துணைசெய்யாது.