ரைடரை எப்படி எடை போடுவது?

கபடி அணியில் பெரும்பாலும் அதிக விலை போகிறவர் ரைடர்தான். எதிரணியின் களத்துக்குள் தனியாளாக நுழைந்து, 30 நொடிக்குள் யாரையாவது தொட்டுவிட்டோ போனஸ் கோட்டைக் கடந்தோ தன் பக்கம் திரும்புவது அவர் வேலை. புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியது முதல், ஒவ்வொரு ஏலத்துக்கு முன்னும் பின்னும் ரசிகர்கள் சலிக்காமல் வாதாடும் கேள்வி ஒன்றுதான்: எந்த ரைடரை எடுப்பது, அவருக்கு எவ்வளவு கொடுப்பது?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கும் இந்த விவாதம் புதிதல்ல. குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்து ஊர்களில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மின்னொளிக் கபடி நடக்கும்போது, வரிசையாக நிற்கும் கூட்டம் ஒவ்வொரு ரைடுக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருக்கும். பாடிப் போகிறவனின் கால் வேகம், கார்னரில் நிற்பவனை ஏமாற்றும் விதம், பிடிபட்ட பிறகும் நடுக்கோட்டை எட்டிவிடும் உடல் வலு ஆகியவற்றைக் கண்ணால் அளக்கும் கூட்டம் அது. அந்தக் கண்ணளவைத் தவறென்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரே ரைடில் நான்கு பேரைத் தொட்டது ஊருக்கு ஆண்டுக்கணக்கில் நினைவிருக்கும். அதே ஆட்டத்தில் ஆறு முறை வெறுங்கையோடு திரும்பியது மறந்துபோகும். பார்வையாளரின் மதிப்பீடு சறுக்கும் முதல் இடம் இதுதான்.

புள்ளிக் கணக்கும் பல நேரம் ஏமாற்றும். இரண்டு ரைடர்கள் ஓர் ஆட்டத்தில் ஆளுக்குப் பத்துப் புள்ளி எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 14 ரைடில் எடுத்தார், இருமுறை பிடிபட்டார். மற்றவருக்கு 24 ரைடு தேவைப்பட்டது, ஆறு முறை பிடிபட்டார். இருவருக்கும் 'சூப்பர் 10' பெருமை உண்டு. அணிக்குக் கிடைத்த பலனோ ஒன்றல்ல. ரைடர் பிடிபடும்போது எதிரணிக்குப் புள்ளி போவதோடு, அவர்களில் வெளியே உட்கார்ந்திருந்த ஒருவரும் களத்துக்குத் திரும்புகிறார். பிடிபட்டவர் தன் அணி புள்ளி எடுத்து மீட்கும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். முதன்மை ரைடர் வெளியே இருக்கும் அந்த நிமிடங்களில்தான் பல அணிகள் ஆல் அவுட் ஆகின்றன. ஆகவே எடுத்த புள்ளியோடு, எத்தனை ரைடில் எடுத்தார், எத்தனை முறை பிடிபட்டார், நாற்பது நிமிடத்தில் எவ்வளவு நேரம் களத்தில் இருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

புள்ளிகளுக்குள்ளும் தரம் பிரிக்கலாம். தடுப்பில் ஆறு அல்லது ஏழு பேர் இருக்கும்போது மட்டுமே போனஸ் புள்ளி கிடைக்கும். போனஸால் எதிரணியில் யாரும் வெளியேறுவதில்லை; தன் அணியில் வெளியே இருப்பவரும் உள்ளே வருவதில்லை. தொட்டு எடுக்கும் புள்ளி இந்த இரண்டையும் செய்துவிடும். அடுத்தது மூன்றாவது ரைடு. அடுத்தடுத்து இரண்டு ரைடு வெறுமையாகப் போனால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், எடுக்காதவர் வெளியேறுவார். 'டூ ஆர் டை' எனப்படும் இந்த ரைடில் தடுப்பாளர்கள் முன்வர மாட்டார்கள்; நேரம் ஓடட்டும் என்று பின்வாங்கி நிற்பார்கள். இந்த நிலையில் புள்ளி எடுக்கத் தெரிந்த ரைடர், மொத்தக் கணக்கில் பின்தங்கியிருந்தாலும் அணிக்கு அரிய ஆள்.

ரைடரை எடை போடுவது எவ்வளவு கடினம் என்பதை ஏல வரலாறு நன்றாகவே காட்டுகிறது. 2014-இல் நடந்த முதல் ஏலத்தின் உச்சவிலை ராகேஷ் குமாருக்குப் பாட்னா கொடுத்த 12.80 லட்சம் ரூபாய். 2021-இல் பர்தீப் நர்வால் 1.65 கோடிக்கு உத்தரப்பிரதேச அணிக்குப் போனார். 2017 சீசனில் 369 ரைடு புள்ளி குவித்துப் பாட்னாவுக்குத் தொடர்ந்து மூன்றாவது கோப்பையை வாங்கித் தந்தவர் அவர். புதிய அணியில் அந்தப் பழைய உச்சம் திரும்பவில்லை. ஏலத்தில் விலை பேசப்படுவது பெரும்பாலும் ஆள் செய்து முடித்ததற்கு. அணிக்கு வேண்டியதோ இனிச் செய்யப்போவது. ரைடரின் முழங்காலும் கணுக்காலும் ஆண்டுக்கு ஆண்டு தேய்கின்றன என்பதை ஏலக் கூடத்தின் பரபரப்பு மறக்கடித்துவிடுகிறது.

2017-இல் லீக்கில் சேர்ந்த தமிழ் தலைவாஸ் இந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த அணி. 2016 உலகக் கோப்பையில் இந்தியாவின் வெற்றிக்குப் பெரும் பங்காற்றிய அஜய் தாக்கூர்தான் அதன் முதல் தலைவர். 2019 ஏலத்தில் அவருக்குத் துணையாக ராகுல் சௌத்ரி 94 லட்சத்துக்கு வந்தார். நாடறிந்த இரண்டு ரைடர்கள் ஒரே அணியில். சீசன் முடிவில் அணிக்குக் கிடைத்ததோ 12 அணிகளில் கடைசி இடம்.

2022-இல் பவன் செராவத்தை 2.26 கோடிக்குத் தலைவாஸ் வாங்கியது. அதுவரை லீக்கில் யாருக்கும் கொடுக்கப்படாத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு, அந்த சீசன் முழுக்க அவர் ஆட முடியாமல் போனது. அணி அத்துடன் முடிந்தது என்று ரசிகர்கள் எண்ணினார்கள். ஆனால் புதுமுகமாக வந்த நரேந்தர் அந்தப் பொறுப்பை ஏற்று 200-க்கும் மேற்பட்ட ரைடு புள்ளி எடுத்தார். தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குள் நுழைந்தது. கோடிகளில் வாங்கியவர் வெளியே இருக்க, சில லட்சத்தில் வந்த இளைஞர் அணியைத் தூக்கி நிறுத்திய அந்த சீசனைப்போல் ரைடர் மதிப்பீட்டுக்கு வேறு நல்ல சான்று இல்லை.

மறு சீசனில் பவன் 2.605 கோடிக்குத் தெலுங்கு டைட்டன்ஸுக்குப் போனார். ஓர் அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகையே அப்போது 5 கோடிதான். பாதிக்கு மேல் ஒருவருக்கே போய்விட்டது. பவன் புள்ளி எடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தடுப்பில் ஆளில்லாத அந்த அணி 22 ஆட்டங்களில் இரண்டே வெற்றியுடன் கடைசி இடத்தில் நின்றது. அதே சீசனில் கோப்பையை வென்ற புனே, பெருந்தொகையைத் தடுப்பில் வல்லவரான ஈரானின் முகமது ரேசா ஷாட்லூயிக்குக் கொடுத்திருந்தது. அடுத்த சீசனில் அவர் ஹரியானாவுக்குப் போனார். ஹரியானா கோப்பை வென்றது. இறுதியில் அவர்கள் வீழ்த்திய பாட்னா அணியில்தான் அந்த சீசனில் 300 ரைடு புள்ளியைத் தாண்டிய தேவாங்க் தலால் இருந்தார். கார்னரிலும் கவரிலும் நல்ல பிடிகாரர்கள் இல்லாத அணிக்கு எந்த ரைடரை வாங்கிக் கொடுத்தாலும் பணம் வீண்தான்.

அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களும் யாரை எடுப்பது என்ற இதே தலைவலியோடுதான் வாழ்கிறார்கள். அங்கே ஆட்டத்தை நடத்துகிறவர் குவாட்டர்பேக். பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் வீரர்களைப் பொதுவாக முந்தைய ஆண்டில் கடைசியாக வந்த அணி முதலில் தேர்ந்தெடுக்கலாம். 2007-இல் முதல் ஆளாகத் தேர்வான ஜமார்கஸ் ரசல் மூன்று சீசனுக்குமேல் நிலைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் 199-ஆவதாகத் தேர்வான டாம் பிரேடி, சூப்பர் பவுல் எனப்படும் இறுதிப் போட்டியை ஏழு முறை வென்றார். கையின் வலுவையும் ஓட்டத்தின் வேகத்தையும் கருவி கொண்டு அளந்தார்கள். நெருக்கடியில் ஒரு நொடிக்குள் முடிவெடுக்கும் திறனை அளக்க முடியவில்லை. கபடியிலும் கடைசியில் ரைடரைத் தீர்மானிப்பது அந்தத் திறன்தான்.

இளம் ரைடரைத் தேர்ந்தெடுக்க வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. கிராமத்தில் மண் தரை, வெறுங்கால். லீக்கில் மேட், ஷூ. மேட்டில் கால் வழுக்காது. சட்டென்று திசை திருப்பலாம். தடுப்பாளரும் அதே வேகத்தில் பாய்வார். மண்ணில் கலக்கிய பையன் மேட்டில் முதல் சில மாதம் திணறுவது இயல்பு. அந்தத் திணறலைப் பார்த்துத் தகுதியில்லை என்று முடிவு கட்டுவது அவசர புத்தி. கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை மாவட்டத்திலிருந்து போன தர்மராஜ் சேரலாதன், நாற்பது வயதைக் கடந்து பாட்னாவுக்குத் தலைவராக நின்று கோப்பை வென்றார். மண்ணில் கற்றவர்கள் மேட்டில் வெல்ல முடியும் என்பதற்கு அவர் போதுமான சாட்சி.

பெரம்பலூர், அரியலூர் பையன்களுக்கு மாவட்டக் கபடிக் கழகப் போட்டிகளும் முதலமைச்சர் கோப்பையும்தான் மேலே போகும் படிகள். அங்கே இன்று பெரும்பாலும் எஞ்சுவது இறுதிப் புள்ளியும் கோப்பைப் படமும் மட்டும். ரைடு, தொடுபுள்ளி, போனஸ், பிடிபட்டது, மூன்றாவது ரைடின் முடிவு என ஐந்து கட்டம் போட்ட ஒரு நோட்டும், அதை நிரப்ப ஓர் ஆளும் இருந்தால் போதும். போட்டி நடத்தும் கழகங்கள் வரும் பொங்கலிலிருந்தே இந்தக் கணக்கை எழுதத் தொடங்க வேண்டும்.