பின்னாலிருந்து வரும் காற்று

கூரை திறந்த கன்வேர்ட்டிபிள் காரில் காற்று முன்னாலிருந்தே தாக்கும் என நாம் எண்ணுவது இயல்பு. உண்மையில், முன்கண்ணாடியைத் தாண்டும் காற்று அதன் பின்னே உருவாகும் தாழமுக்கத்தால் ஈர்க்கப்பட்டு, சுழன்று திரும்பிப் பிடரியில் மோதுகின்றது. ஆசனங்களின் பின்னே இதனைத் தடுக்கும் வலையை 1989இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்எல் அறிமுகப்படுத்தியது. நால்வர் அமரும் கார்களில் அவ்வலை பின்னாசனங்களை விழுங்கிவிடும் என்பது வேறு கதை. பக்க யன்னல்களைத் தாழ்த்தினாலோ வலையின் பயன் பெரிதும் குறைந்துவிடும்.

தலைமுடி கலைவது சிறு விடயம். செவிக்கு நேரும் கேடு அவ்வாறன்று. நெடுஞ்சாலை வேகத்தில் இத்தகைய கார்களில் இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டுவதாக 2009இல் பிரித்தானிய மருத்துவர்களின் ஆய்வொன்று காட்டியது. நீண்ட நேரம் கேட்டால் செவிப்புலனைப் பாதிக்கும் அளவு அது. மெதுவாக உலாவும்போது யன்னல்களைத் தாழ்த்தலாம்; வேகமெடுத்ததும் அவற்றை முழுமையாக உயர்த்தி, வலையையும் நிமிர்த்திவிடுவதே உசிதமென்பது எமது கருத்து.