பனியன் துணிக்கு அங்ககப் பருத்தி: பண்ணைக் குறிப்பேடே சாட்சி

திருப்பூர் பனியன் துணிகள் கடல் கடந்து விற்பனையாவதை விவசாயிகள் அறிவர். அங்ககப் பருத்தி உடை வாங்கும் வெளிநாட்டு வியாபாரி, "இப்பருத்தி எந்த நிலத்தில் விளைந்தது?" என்று கேட்கிறார். சிறு பனியன் கம்பெனிக்காரர் இதற்குத் தாமாக விடை சொல்ல இயலாது. பருத்தி விளைவித்த விவசாயியின் கணக்குத்தான் விடை. அக்கணக்கைக் கொண்டு சேர்ப்பது கம்ப்யூட்டர்.

மத்திய அரசின் அபீடா நிறுவனம், ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் திராட்சைக்காக 2006-ல் 'கிரேப்நெட்' முறையைக் கொண்டு வந்தது. பின்னர் அங்கக விளைபொருள்களுக்கு 'டிரேஸ்நெட்' வந்தது. இதில் விவசாயியின் பெயர், நிலப்பரப்பு, பயிர், எதிர்பார்க்கும் மகசூல் ஆகியவை பதிவாகின்றன. எடுத்துக்காட்டாக, 12 குவிண்டால் பதிவாகி 10 குவிண்டால் விற்றால், மீதி 2 குவிண்டாலுக்கு மட்டுமே சான்று கிடைக்கும். இம்முறை பருத்தி அரைவையாகிப் பஞ்சாகும் வரைதான். நூல், துணி, உடை ஆகியவற்றுக்கு 'காட்ஸ்' போன்ற தனியார் தரச் சான்று தொடர்கிறது.

எனினும், கம்ப்யூட்டர் வயலைப் பார்ப்பதில்லை. நாம் எழுதியதையே அது சொல்லும். 2020-ல், இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றுகள் காட்டப்பட்டதை 'காட்ஸ்' அமைப்பு கண்டறிந்தது. இத்தகைய மோசடியால் நேர்மையாகப் பாடுபட்டவர் பருத்தியும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. பி.டி. பருத்தி அறவே கூடாது. கோ 17, எஸ்.வி.பி.ஆர். 2 போன்ற ரகங்களை விதைக்கலாம். விதை வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தவும்.

2. பக்கத்து வயலில் மருந்து தெளித்தால் நம் பயிரில் படாதவாறு இடைவெளி விடவும்.

3. பருத்தி போன்ற பருவப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டாண்டு மாற்றுக் காலம் உண்டு. அப்போதே குறிப்பேடு தொடங்கவும்.

4. இட்ட எரு, தெளித்த கரைசல், எடுத்த பருத்தியின் எடை ஆகியவற்றை அன்றன்றே எழுதவும். பின்னர் நினைவிலிருந்து எழுதுவது தணிக்கையில் நிற்காது.

5. அங்ககப் பருத்தியை மற்றப் பருத்தியுடன் ஒரே தாட்டில் கலக்க வேண்டாம்.

தனியாகச் சான்று பெறுவது செலவு மிக்கது. 25 முதல் 500 விவசாயிகள் வரை குழுவாகச் சேர்ந்தால் செலவு பகிரப்படும். ஆனால் ஒருவர் ரசாயன மருந்து தெளித்து மறைத்தாலும் குழு முழுவதற்கும் ஆபத்து. ஆகவே, அறிந்தவர்களோடு சேருவதே நன்று. விவரங்களைக் கோவையில் உள்ள அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையில் பெறலாம். வாங்குபவரை விசாரித்து, விலையை முன்கூட்டியே பேசிக்கொண்ட பின் இறங்கவும்.

ஒரு நோட்டும் பேனாவும் வாங்கப் பெருஞ்செலவு ஆகாது. இன்றே தொடங்கி, விவசாயிகள் பயன் பெறுவார்களாக.