சக்கர ரிம்முக்கு வர்ணம் பூசுதல்

எஃகு ரிம்மில் துரு பிடிப்பதற்கு ஈரமும் பிராணவாயுவுமே காரணம். கடலோரங்களில் உப்பு அதனை விரைவுபடுத்தும். துருவின்மேல் பூசிய வர்ணம் நிலைப்பதில்லை. ஆதலால் சக்கரத்தைக் கழற்றி, எண்ணெய்ப் பசையைப் போக்கி, நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்தல் வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். உலரத் தேய்த்தால் அத்தூள் சுவாசத்தில் கலக்கும். குழந்தைகளை அருகில் விடலாகாது. நன்கு உலர்ந்ததும் துருத்தடுப்புப் பிரைமர் ஒருமுறையும், எனாமல் மெல்லியதாக இருமுறையும் பூசினால் போதும்.

அழகை மட்டும் கருதுவோர் மறப்பது ஒன்றுண்டு. நட்டுகள் அழுந்தும் இடங்களிலும், சக்கரம் அச்சுக்குடத்தோடு பொருந்தும் முகத்திலும் தடித்த வர்ணம் கூடாது. ஓட்டத்தில் அப்படலம் நசுங்க, நட்டுகளின் இறுக்கம் தளரும், சக்கரமே கழன்றுவிடலாம். அவ்விடங்களை ஒட்டுத்தாளால் மூடிய பின்னரே பூசுக. வண்டி சிறிது தூரம் ஓடியதும் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்த்தல் அவசியம்.