போகும்போது உண்டு, திரும்பும்போது இல்லை

ஆகஸ்ட் கடைசி வாரம். வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளிக்கூடங்கள் திறக்கப்போகின்றன. விடுமுறைக்கு ஊர் வந்த குடும்பங்கள் கருவாட்டுப் பொட்டலத்தையும் இட்லிப்பொடியையும் எடை பார்த்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களும் அதே அவசரத்தில் எழுதப்பட்டவை. “துபாயில் மாறுவதற்கு 70 நிமிடம்தான் இருக்கிறது, போதுமா?” என்று ஒருவர். “சிஸ்டமே அனுமதிக்கிறது, பயப்படாதீர்கள் என்கிறார் ஏஜென்ட், நம்பலாமா?” என்று இன்னொருவர். மூன்றாவது கடிதம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பாரிஸிலிருந்து சென்னை வரும்போது தாமதத்துக்காக 600 யூரோ வாங்கிய குடும்பம், திரும்பும் வழியில் அதே நிறுவனத்தின் விமானத்தில் அதைவிட அதிக நேரம் தவித்தும் ஒரு காசு வாங்க முடியவில்லை. ஏன் என்று கேட்கிறார்கள்.

மூன்று மணி நேரம் முன்பே போவது, மருந்துச் சீட்டைக் கைப்பையில் வைப்பது போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள். அவற்றை விட்டுவிடலாம்.

முதலில் அந்த ‘சிஸ்டம்’. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ‘குறைந்தபட்ச இணைப்பு நேரம்’ என்று ஓர் எண் உண்டு. விமான நிறுவனங்களும் விமான நிலையமும் சேர்ந்து முடிவு செய்வது. வியன்னாவில் அது 25 நிமிடம், பிராங்பர்ட்டில் 45 நிமிடம். முன்பதிவுக் கணினி அதைவிடக் குறைந்த இடைவெளியில் இரண்டு விமானங்களை ஒரே டிக்கெட்டாக விற்காது. ஏஜென்ட் சொல்லும் ‘அனுமதி’ இவ்வளவுதான்.

விமான நிறுவனங்கள் இதைப் ‘போதுமான நேரம்’ என்று சொல்கின்றன. முதல் விமானம் சொன்ன நேரத்துக்கு வந்து, பாதுகாப்புச் சோதனை வரிசை நகர்ந்து, இரண்டு கால்களும் நன்றாக இருக்கும் ஒருவர் வழி தவறாமல் நடந்தால் போதுமான நேரம்தான். சக்கர நாற்காலி வருமென்று விமான வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியையோ, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கும் தாயையோ மனதில் வைத்துப் போட்ட எண் அல்ல அது. ‘சொன்ன நேரம்’ என்பதிலும் சலுகை உண்டு. விமானத் துறையின் கணக்கில் 15 நிமிடத்துக்குள் பிந்தி வருவது தாமதமே அல்ல. பிராங்பர்ட்டின் 45 நிமிடத்தில் 14 நிமிடம் ‘சரியான நேரத்துக்கு’ வந்த முதல் விமானத்திலேயே கரையலாம். அடுத்த விமானத்தின் கேட் பொதுவாகக் கால் மணி நேரம் முன்பே மூடிவிடும். மிச்சம் 16 நிமிடம்.

அதனால் அந்த எண்ணைப் பயணியின் வசதிக்கான அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பொறுப்பு யாருடையது என்பதற்கான அளவு அது. ஒரே டிக்கெட்டில் விற்ற இணைப்பை, முதல் விமானம் பிந்தியதால் பயணி தவறவிட்டால், அவரைக் கடைசி ஊர் வரை கொண்டுசேர்க்க வேண்டியது விமான நிறுவனம். இரண்டு தனித்தனி டிக்கெட்டானால் இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் அவர் ‘வராத பயணி’. முதல் விமானம் ஏன் பிந்தியது என்பது அதற்குத் தேவையில்லாத செய்தி. அங்கே ஐந்து மணி நேர இடைவெளிகூடப் பாதுகாப்பு இல்லை.

மலிவு விலைத் தளங்கள் ஒன்றோடொன்று ஒப்பந்தமே இல்லாத இரண்டு நிறுவனங்களின் விமானங்களைச் சேர்த்து, ஒரே பக்கத்தில் ஒரே விலையில் காட்டுகின்றன. ‘நீங்களே மாறிக்கொள்ள வேண்டும்’ என்ற வரி பொடி எழுத்தில் இருக்கும். ஏஜென்ட் தரும் தாளில் ஒரே பி.என்.ஆர். எண் இருப்பதும் போதாது. ஒரே பி.என்.ஆருக்குள் இரண்டு டிக்கெட் இருக்கலாம். இ-டிக்கெட் எண் ஒன்றா இரண்டா என்று பார்க்க வேண்டும். கவுன்ட்டரில் பெட்டிக்கு ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கடிதங்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது. பலாலியிலிருந்து சிறிய ஏ.டி.ஆர். விமானத்தில் சென்னை, அங்கிருந்து வேறு டிக்கெட்டில் லண்டனோ சூரிச்சோ. கொழும்புவரை சாலையில் போகும் அலுப்பு மிச்சம்தான். ஆனால் தனி டிக்கெட் என்றால் சென்னையில் இமிக்ரேஷனைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அதற்கு இந்திய விசா வேண்டும். தூத்துக்குடியிலிருந்து சென்னை வந்து வெளிநாட்டு விமானம் பிடிப்பவர்களுக்கு விசாச் சிக்கல் இல்லை, தனி டிக்கெட்டின் சிக்கல் அப்படியே உண்டு. இரு சாராருமே சென்னையில் ஓர் இரவு தங்கிவிடுவது நல்லது. தவறிப்போன நீண்டதூர விமானத்துக்குப் புது டிக்கெட் எடுப்பதைவிட விடுதி அறை மலிவு.

இனி அந்த 600 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி பலருக்குத் தெரியும். 1,500 கி.மீ. வரை 250 யூரோ, நடுத்தரத் தூரத்துக்கு 400, ஒன்றியத்துக்கு வெளியே 3,500 கி.மீ.க்கு மேல் 600. பலருக்குத் தெரியாத ஒன்று: தாமதத்துக்கு ரொக்கம் என்று அந்த விதியில் ஒரு வரிகூடக் கிடையாது. ரத்தானால்தான் பணம், தாமதமானால் சாப்பாடும் தங்குமிடமும் என்றுதான் எழுதினார்கள். விளைவாக, மறுநாள் வரை இழுத்தடித்த விமானத்தைக்கூட ‘ரத்து அல்ல, தாமதம்தான்’ என்று சொல்லித் தப்பிக்க முடிந்தது. 2009 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தக் கதவை மூடியது. சேருமிடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தி அடைந்தவரும் ரத்தான விமானத்தின் பயணியும் இழந்தது ஒன்றுதான், நேரம். ஆகவே இருவருக்கும் ஒரே இழப்பீடு என்றது.

அடுத்து, அந்த மூன்று மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது என்ற வழக்கு. ஜெர்மனியின் பிரேமனிலிருந்து பாரிஸ், சாவோ பாவ்லோ வழியாக பராகுவேயின் அசுன்சியோன் போன பெண் ஒருவர். முதல் விமானம் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே பிந்தியது. ஆனால் பாரிஸ் இணைப்பு தவறி, அவர் ஊர் சேர்ந்தபோது 11 மணி நேரம் பிந்தியிருந்தது. முதல் விமானத்தின் தாமதம் வரம்பைத் தொடவில்லையே என்றது ஏர் பிரான்ஸ். 2013 பிப்ரவரியில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடைசி ஊரில் எப்போது இறங்கினார் என்பதே கணக்கு என்றது. ஒரே முன்பதிவில் குறுகிய இணைப்பை விற்றால் அது தவறிப்போவதன் செலவும் விற்றவருடையது என்பது இதனால் நிலைபெற்றது. ஜெர்மன்விங்ஸ் விமானம் ஒன்றின் வழக்கு இன்னும் நுணுக்கமானது. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன் வந்த அந்த விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம். எது வருகை நேரம்? ஒரு கதவாவது திறந்து பயணிகள் வெளியே போகலாம் என்ற நொடிதான் என்று 2014 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மூடிய விமானத்துக்குள் இருக்கும்வரை ஒருவரின் நேரம் அவருடையது அல்ல என்று உணர்ந்து எழுதப்பட்ட நியாயமான தீர்ப்பு அது.

பயணியின் பக்கம் இவ்வளவு தூரம் வந்த அதே நீதிமன்றம், வீடு திரும்புகிறவரை ஓர் இடத்தில் கைவிட்டிருக்கிறது. டுசல்டார்ஃபிலிருந்து துபாய் வழியாக மணிலாவுக்கு எமிரேட்ஸில் போகவர டிக்கெட் எடுத்தார் ஒரு ஜெர்மன் பயணி. 2006 மார்ச்சில் மணிலாவிலிருந்து அவர் திரும்பும் விமானம் தொழில்நுட்பக் கோளாறால் ரத்தானது. இரண்டு நாள் கழித்தே ஜெர்மனி சேர்ந்தார். போகவர ஒரே டிக்கெட், புறப்பட்டது ஐரோப்பாவில், ஆகவே முழுப் பயணமும் ஐரோப்பியச் சட்டத்துக்குள் என்பது அவர் வாதம். 2008 ஜூலையில் நீதிமன்றம் இல்லை என்றது. திரும்பும் பயணம் தனிப் பயணம், ஒரே நேரத்தில் பதிவு செய்தது அதை மாற்றாது. மணிலாவிலிருந்து கிளம்பும் பயணம் ஐரோப்பாவில் தொடங்கவில்லை, நிறுவனமும் ஐரோப்பிய நிறுவனம் அல்ல.

பாரிஸ் குடும்பத்தின் கேள்விக்கு விடை இதுதான். ஐரோப்பாவிலிருந்து கிளம்பினால் எந்த நிறுவனமானாலும் விதி உண்டு. ஐரோப்பாவுக்குத் திரும்பும்போது, விமானத்தை இயக்குவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே உண்டு. சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு லுப்தான்சாவில் போனால் உண்டு. தோஹா வழியாகக் கத்தார் ஏர்வேஸில் போனால் இல்லை. சுவிட்சர்லாந்திலும் நார்வேயிலும் இதே விதிதான். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியபோது இதையே பவுண்டில் எழுதிக்கொண்டது: 220, 350, 520. பிரிட்டிஷ் ஏர்வேஸில் சென்னையிலிருந்து லண்டன் போகிறவருக்கு அது கிடைக்கும், வளைகுடா நிறுவனத்தில் போகிறவருக்குக் கிடைக்காது. புலம்பெயர்ந்த தமிழர் பலர் டிக்கெட் எடுப்பதோ வளைகுடா நிறுவனங்களில். விடுமுறைக்குப் போகும் தாமதம் ஒரு மாலையைக் கெடுக்கும். திரும்பும் தாமதம் சம்பளத்தையும் பள்ளியின் முதல் நாளையும் தொடும். சட்டம் கனமாக நிற்பது முதலாவதில். இது அநியாயம், திருத்தப்பட வேண்டியது. ஆனால் 2025 ஜூனில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கையிலெடுத்த திருத்தம் வேறு: மூன்று மணி நேர வரம்பை நான்காகவும், நீண்ட பயணத்துக்கு ஆறாகவும் உயர்த்துவது. ஐரோப்பிய நாடாளுமன்றம் அதை எதிர்த்தது.

இந்தியச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்கிறதா? விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, முன்னறிவிப்பில்லாமல் விமானம் ரத்தானால் 5,000 முதல் 10,000 ரூபாய் வரை உச்சவரம்போடு இழப்பீடு உண்டு. தாமதத்துக்கு ரொக்கம் இல்லை. குறிப்பிட்ட நேரம் கடந்தால் சாப்பாடு. ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். 24 மணி நேரத்துக்கு மேல் போனாலோ, இரவு 8 முதல் விடியற்காலை 3 வரை கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் பிந்தினாலோ விடுதி அறை. ‘பயணிகளின் உரிமை சாசனம்’ என்ற பெயரில் அச்சிட்டு வழங்கப்படுவது சாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கூப்பன்தான்.

எனவே திரும்பும் பயணிக்கு மிஞ்சுவது 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. அது தாமதத்துக்கு நிலையான தொகை தராது. தாமதத்தால் உண்மையில் எவ்வளவு இழந்தீர்கள் என்று ரசீதோடு காட்டினால், தவிர்க்க நியாயமான எல்லா முயற்சியும் எடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு விமான நிறுவனத்துக்கு வருகிறது. 2024 டிசம்பர் 28 முதல் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 6,303 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு). ரூபாயில் 7 லட்சத்துக்கு மேல். விடுதி, டாக்சி, சாப்பாடு, புதிதாக வாங்கிய டிக்கெட் என்று எல்லா ரசீதும் இங்கே பணம்.

ஐரோப்பிய விதியின் ரொக்க இழப்பீட்டிலிருந்து நிறுவனத்துக்கு விலக்குத் தரும் ‘அசாதாரணச் சூழ்நிலை’ என்ற சொல் பல கடிதங்களில் மேற்கோளோடு வந்திருக்கிறது. நடைமுறையில் அது நிறுவனம் பணம் தர விரும்பாதபோது எழுதும் வாக்கியம். இயந்திரக் கோளாறு பெரும்பாலும் அதில் சேராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. சொந்த ஊழியர்களின் வேலைநிறுத்தமும் சேராது என்று 2021-ல் சொன்னது. உண்மையிலேயே சேர்வதற்கு உதாரணம் 2023 ஆகஸ்ட் 28. பிரிட்டனில் விடுமுறைத் திங்கள், குடும்பங்கள் வீடு திரும்பும் நாள். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸ் போகும் ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில் ‘டி.வி.எல்.’ என்ற ஒரே குறியீடு இரண்டு இடங்களைக் குறித்தது: அமெரிக்காவின் டெவில்ஸ் லேக், பிரான்சின் டோவில். பிரிட்டனின் வான்வழிக் கட்டுப்பாட்டுக் கணினி குழம்பி நின்றது, மாற்றுக் கணினியும் அதே தரவைப் படித்து அதே இடத்தில் நின்றது. ஏழு லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். விமான நிறுவனங்களின் தவறில்லாததால் ரொக்க இழப்பீடு கிடையாது. ஆனால் சாப்பாடு, தங்குமிடம், மாற்று விமானம் ஆகிய கடமைகள் அன்றும் இருந்தன. அதைச் சொல்ல ஆளில்லாமல் தரையில் படுத்தவர்கள் பலர்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இணைப்பு தவறினால் முதலில் எங்கே போவது? வெளியே போகாமல் ட்ரான்ஸ்ஃபர் டெஸ்க்குக்கு. வரிசையில் நிற்கும்போதே செயலியைத் திறந்து பாருங்கள், புது இருக்கை ஏற்கெனவே போட்டிருக்கலாம்.

நாமே வேறு டிக்கெட் வாங்கிவிடலாமா? நிறுவனம் மறுத்ததை எழுத்தில் வாங்காமல் வேண்டாம்.

எந்த நேர விமானம் நல்லது? அதிகாலை முதல் விமானம். தாமதங்களில் மிகப் பெரிய பங்கு அதே விமானத்தின் முந்தைய பயணங்களிலிருந்து வந்து சேர்வது.

பெட்டி பிந்தி வந்தால்? கையில் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார். சேதமானால் 7 நாள்.

ரொக்கத்துக்குப் பதில் வவுச்சர் தருகிறார்களே? ஐரோப்பிய விதியில் உங்கள் கையெழுத்திட்ட சம்மதமின்றித் தர முடியாது.

எவ்வளவு காலத்துக்குள் கேட்கலாம்? மான்ட்ரியலில் 2 ஆண்டு. ஐரோப்பிய விதியில் நாட்டுக்கு நாடு மாறும், ஜெர்மனியில் 3, பிரான்சில் 5, இங்கிலாந்தில் 6.

இந்த வாரம் கிளம்புகிறவர்கள் இன்றே இ-டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். எண் இரண்டாக இருந்தால் ஏஜென்டைக் கூப்பிட்டு, முதல் விமானத்தை ஒரு நாள் முன்னுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். பள்ளி திறக்கும் வாரத்தில் விமானங்கள் நிரம்பிப் பறக்கின்றன. தவறவிட்ட பிறகு நான்கு பேருக்கு ஒன்றாக இடம் கிடைப்பது கடினம்.