புத்தாண்டு முடிந்தும் பெட்டிக்குள் போகாத பாவாடை

டி-சட்டை, விளையாட்டுக் காலணியுடன் மடிப்பு வைத்த நீளப் பாவாடை அணிந்த சீன இளையரை ஈசூன் கடைத்தொகுதியில் கண்டால், அது பெரும்பாலும் ‘மாமியன்’ எனும் குதிரை முகப் பாவாடை. பக்கங்களில் மடிப்பு, முன்னும் பின்னும் தட்டை. மிங் அரசமரபுக் காலத்தில் பரவலாக இருந்த உடை இது.

2003 நவம்பரில் சீனாவின் செங்சோ நகரில் வாங் லெத்தியன் என்ற ஊழியர் பழைய ஹான் உடையில் தெருவில் நடந்தார். அதைச் செய்தியாக்கியது சிங்கப்பூரின் ‘லியன்ஹ சாவ்பாவ்’ நாளிதழ். ஹான் உடை இயக்கம் அதன்பின் வேகமாக வளர்ந்தது.

2022 ஜூலையில், டியோர் நிறுவனம் இப்பாவாடையின் வடிவத்தை எடுத்துக்கொண்டதாகச் சீன மாணவர்கள் பாரிசில் ஆர்ப்பாட்டம் செய்தனர்.

முழு உடை தேவையில்லை. ஒன்றை மட்டும் அன்றாட உடையோடு சேர்த்தால் போதும் என்பதே இந்த இளையர் கண்ட வழி. தீபாவளி முடிந்ததும் வேட்டியை மடித்து வைக்கும் நம் இளையரும் முயன்று பார்க்கலாம்.